உங்களுக்குத் தெரியுமா? கடலுக்குள் மீனை எண்ணும் கணக்கு

மீன் வண்டி சின்னக்கானல் ஏறி வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "மத்தி இன்னைக்கு என்ன விலை?" கடலில் மத்தி எவ்வளவு இருக்கிறது என்பது அதற்கும் முந்திய கேள்வி. விலையும், மீனவர் வீட்டு வருமானமும், நம் வீட்டுக் கப்பைக்குப் பக்கத்தில் மத்திக் கறி இருக்குமா இல்லையா என்பதும் அதன் பதிலில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் உயிர்களை எப்படி எண்ணுகிறார்கள்? காதும் வலையும் சேர்ந்து செய்யும் அந்த வேலையைப் பற்றிய துணுக்குகள் இவை.

ஒரே சாலை, இரண்டு கடல்

சின்னக்கானலை ஒட்டிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85-க்கு முன்பு எண் 49; அப்போது அதற்கு ஒரு முனை கொச்சி, மறுமுனை தனுஷ்கோடி. மேற்கே இறங்கினால் அரபிக்கடல். கிழக்கே போடிமெட்டு இறங்கி, தேனி, மதுரை, ராமநாதபுரம் தாண்டினால் பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும். இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் அந்தப் பழைய சாலையின் இரு முனைப் பக்கங்களிலும் இருந்திருக்கிறது! 1947 பிப்ரவரி 3-ஆம் தேதி தொடங்கப்பட்ட அந்த நிலையம் 1949-இல் மண்டபத்துக்கு வந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. மண்டபத்தில் இன்றும் அதன் மையம் இயங்குகிறது. மலைமேல் இருக்கும் நமக்கு இருபுறமும் மீன் ஆராய்ச்சிதான்.

மத்தி காணாமல் போன வருடம்

2012-இல் கேரளக் கரையில் இறங்கிய மத்தி சுமார் 3.9 லட்சம் டன். 2021-இல் இறங்கியதோ வெறும் 3,297 டன். ஒன்பதே ஆண்டுகளில், நூறில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டே மீண்டும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. மத்தியின் ஆயுள் சுமார் இரண்டரை ஆண்டுதான். அதனால் ஒரு பருவத்தில் முட்டையும் குஞ்சும் தப்பினால் கடல் நிரம்பும். தப்பாவிட்டால் உடனே வெறிச்சோடும். கடலின் சூடு, மழையின் போக்கு, குஞ்சாக இருக்கும்போதே அள்ளிவிடுவது என்று காரணங்கள் பல. எந்தக் காரணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒளி தோற்கும் இடத்தில் ஒலி

மலை விளிம்பில் நின்று கூவினால் எதிர்மலையிலிருந்து நம் குரல் திரும்பி வருகிறதல்லவா? கடலில் மீன் தேடும் கருவியின் அடிப்படை அதுவேதான். கடலுக்குள் ஒளி சில நூறு மீட்டருக்குள் மங்கிப்போகும். ரேடியோ அலை அதைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும். ஒலியோ காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போவது, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் போகிறது. கப்பலுக்கு 75 மீட்டர் கீழே மீன்கூட்டம் இருந்தால், அனுப்பிய ஒலி பட்டுத் திரும்ப ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். திரும்ப ஆன நேரம் ஆழத்தைச் சொல்லும். திரும்பி வந்த ஒலியின் வலிமை, அங்கே எவ்வளவு மீன் என்பதைச் சொல்லும்.

கீழே பார்ப்பதும் பக்கவாட்டில் பார்ப்பதும்

கப்பலின் அடியிலிருந்து நேர் கீழே ஒலி அனுப்புவது எக்கோ சவுண்டர். பக்கவாட்டில், சுற்றிலும் தேடுவது சோனார். மேல்மட்டத்தில் திரியும் கூட்டம் கப்பல் வருவதற்குள் விலகிப் போய்விட்டால் எக்கோ சவுண்டர் அதைத் தவறவிடும், சோனார் பிடித்துவிடும். ஆனால் அளந்து கணக்குப் போட ஆராய்ச்சிக் கப்பல்கள் அதிகம் நம்புவது எக்கோ சவுண்டரைத்தான். ஒலி எவ்வளவு தண்ணீரைத் துழாவியது என்பதை அதில்தான் துல்லியமாகச் சொல்ல முடியும்.

மீனுக்குள் இருக்கும் காற்று

எதிரொலியைத் திருப்பி அனுப்புவது மீனின் செதிலோ முள்ளோ என்று நினைத்தால், இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான். காற்றுப்பை உள்ள மீனிலிருந்து வரும் எதிரொலியில் 90 சதவீதத்துக்கும் மேல் அதிலிருந்தே வருகிறது. மீனின் சதை ஏறக்குறைய தண்ணீரைப் போலவே இருப்பதால் ஒலி அதைப் பெரும்பாலும் கடந்து போய்விடும். காற்றில்தான் முட்டித் திரும்பும். கூறல் மீனின் காற்றுப்பையை நெட்டி என்று தனியாக எடுத்து நம் கரைகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். கடலில் மீன் மிதக்க உதவும் அதே உறுப்புதான் விஞ்ஞானிக்கு மீனைக் காட்டிக்கொடுக்கிறது.

சுறாவுக்கும் ஊசிக்கணவாய்க்கும் காற்றுப்பை கிடையாது. அதனால் அவற்றின் எதிரொலி மிக மெலிது. அவை எவ்வளவு இருக்கின்றன என்பதை ஒலியால் மட்டும் சொல்வது கடினம்.

பனிப்பாறைக்காகப் பிறந்தது

1912-இல் டைட்டானிக் மூழ்கியது. அடுத்து அப்படி நேராமல் தடுக்கக் கருவி தேடியவர்களில் ஒருவர் ரெஜினால்ட் ஃபெசன்டன். 1914-இல் அட்லாண்டிக் கடலில் ஒலியை அனுப்பிப் பனிப்பாறையின் எதிரொலியைக் கேட்டுக் காட்டினார். முதல் உலகப் போர் அந்த வித்தையை நீர்மூழ்கிகளைத் தேடும் பக்கம் திருப்பியது. 1935-இல் நார்வேயின் ஆஸ்கர் சுண்ட், லோஃபோட்டன் தீவுகளை ஒட்டிய கடலில் காட் மீன் கூட்டம் எந்த ஆழத்தில் படுக்கை விரித்தாற்போல் நிற்கிறது என்பதை எதிரொலிப் படமாகவே வெளியிட்டார். மீனை ஒலியால் கணக்கெடுக்கும் துறைக்கு அந்தப் படம் ஒரு தொடக்கம்.

மீனுக்கு அது கேட்குமா?

ஆராய்ச்சிக் கப்பல்களில் மிகவும் புழங்கும் அலைவரிசை 38 கிலோஹெர்ட்ஸ். 18, 70, 120, 200 கிலோஹெர்ட்ஸும் உண்டு. குறைந்த அலைவரிசை ஆழமாகப் போகும். கூடிய அலைவரிசை சிறியவற்றையும் நுணுக்கமாகக் காட்டும், ஆனால் தூரம் போகாது. ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பி ஒப்பிட்டால், எது மீன், எது இறால் போன்ற மிதவை உயிரி என்று ஓரளவு பிரித்துவிடலாம். பெரும்பாலான மீன்களின் காதுக்கு எட்டுவது ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் வரைதான். இந்த ஒலி அவற்றுக்குக் கேட்பதே இல்லை. மத்தியின் தூரத்து உறவான அமெரிக்க ஷாட் மீன் ஒரு வியப்பான விலக்கு: 180 கிலோஹெர்ட்ஸ் வரை அதற்குக் கேட்கிறது!

38.1 மில்லிமீட்டர் உருண்டை

தராசில் எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பதுபோல, எதிரொலிக் கருவியையும் பயணத்துக்கு முன் சரிபார்த்தாக வேண்டும். அதற்கென்றே ஓர் உருண்டை இருக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினமான பொருளில் செய்தது, விட்டம் 38.1 மில்லிமீட்டர். அமைதியான நீரில் நங்கூரமிட்டு, கப்பலின் இரு பக்கமும் கட்டிய மூன்று மெல்லிய நைலான் நரம்புகளில் அதைத் தொங்கவிடுவார்கள். நரம்பை ஒரு பக்கம் இழுத்து, இன்னொரு பக்கம் தளர்த்தி, கப்பலின் வயிற்றுக்கு அடியில் ஒலிக்கற்றையின் நடுவில் உருண்டையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்த உருண்டை எவ்வளவு எதிரொலி தரும் என்பது முன்பே துல்லியமாகத் தெரியும். கருவி அதே அளவைக் காட்டினால்தான் கப்பல் புறப்படும். கணக்கு ஒரு சிறு பிசகில் தொடங்கினால், முடிவில் அது பல ஆயிரம் டன் பிசகாக வளர்ந்து நிற்கும்.

மீன் இல்லாத இடமும் கணக்குதான்

இன்று விசைப்படகிலும் எக்கோ சவுண்டர் இருக்கிறது. பல வள்ளங்களிலும் இருக்கிறது. மீனவர் அதை வைத்து மீன் உள்ள இடத்தைத் தேடிப் போகிறார். ஆராய்ச்சிக் கப்பல் அப்படிப் போகக் கூடாது. கரையிலிருந்து ஆழம் நோக்கி ஒரு கோடு, சில கடல் மைல் தள்ளி இன்னொரு கோடு என்று முன்கூட்டியே வகுத்த பாதையில்தான் அது ஓடும். பாதி நாள் திரையில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். அந்த வெறுமையும் பதிவாக வேண்டும். மீன் இருக்கும் இடங்களை மட்டும் அளந்து கடல் முழுவதற்கும் பெருக்கினால், இல்லாத மீனை இருப்பதாகச் சொல்லிவிடுவோம்.

காதுக்குப் பெயர் தெரியாது

எதிரொலி "இங்கே இவ்வளவு" என்று சொல்லும். "இது மத்தி, இது அயிலை" என்று சொல்லாது. அதற்குத்தான் வலை. திரையில் கூட்டம் தெரிந்ததும் கப்பல் இழுவலையை இறக்கி மாதிரி எடுக்கிறது. வலையின் கடைசிப் பையை அவிழ்த்து மேல்தளத்தில் கொட்டியதும் வேலை தொடங்கும். இனம் இனமாகக் கூடைகளில் பிரிப்பார்கள். ஒவ்வொரு கூடையும் எடை பார்க்கப்படும். பிறகு ஒவ்வொரு மீனையும் அளவுப் பலகையில், மூக்கு பலகையின் முனையில் முட்டும்படி வைத்து, வால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று உரக்கச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். சிலவற்றின் வயிற்றைக் கீறி முட்டை முதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தலைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு காதுக்கல்லை எடுத்து வைப்பார்கள். அதில் வளையங்கள் உண்டு. குளிர்நாட்டு மீனில் அவை ஆண்டைச் சொல்லும். நம் வெப்பக் கடலில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை என்பதால், குஞ்சு மீனின் கல்லில் நாளுக்கு ஒன்றாக விழும் நுண்ணிய வளையங்களை எண்ணுகிறார்கள்.

இந்த நீளக் கணக்கு இல்லாவிட்டால் எதிரொலியும் பயன்படாது. பெரிய மீன் ஒன்று தரும் எதிரொலியைச் சிறிய மீன்கள் பல சேர்ந்தும் தரலாம். வலை சொன்ன நீளத்தை வைத்துத்தான் ஒலி சொன்ன வலிமையை எண்ணிக்கையாக மாற்ற முடியும்.

ஒரு மணி நேரத்தில் 27 ஏக்கர்

கடலடியில் வாழும் இறால், கிளிமீன், கலவா, திருக்கை போன்றவற்றுக்கு வலையே அளவுகோல். வலையின் இரு பக்கமும் கட்டிய கனத்த பலகைகள் தண்ணீரின் அழுத்தத்தில் விரிந்து வாயைத் திறந்து பிடிக்கும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 3 கடல் மைல் வேகத்தில் ஒரு மணி நேரம் இழுத்தால் வலை கடக்கும் தூரம் 5,556 மீட்டர். வாய் 20 மீட்டர் விரிந்திருந்தால், அது பெருக்கிய தரை சுமார் 27 ஏக்கர். அதில் 100 கிலோ கிடைத்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 900 கிலோ. வலைக்கு முன்னால் நின்ற மீனில் பாதி தப்பியிருக்கும் என்று வைத்துக்கொண்டால் 1,800 கிலோ. தப்பியது எவ்வளவு என்ற அந்த ஒரு அனுமானம் மொத்தக் கணக்கையும் இரட்டிப்பாக்கிவிட்டது பாருங்கள். அதனால்தான் ஆராய்ச்சிக் கப்பல்கள் ஆண்டுதோறும் அதே வலை, அதே வேகம், அதே நேரம் என்று பிடிவாதமாக இருக்கின்றன. தப்பும் பங்கு துல்லியமாகத் தெரியாவிட்டாலும், அது மாறாமல் இருந்தால், மீன் கூடுகிறதா குறைகிறதா என்பதைச் சொல்லிவிடலாம்.

சின்னக் கண் வலை யாருக்கு?

கேரளத்தில் மீன்பிடி இழுவலையின் கடைசிப் பையில் கண்ணி 35 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். குஞ்சுகள் தப்பிப் போகத்தான் இந்த விதி. ஆராய்ச்சி வலை இதற்கு நேர்மாறு: பைக்குள் நுண்ணிய கண் கொண்ட வலையை உள்ளே வைத்துத் தைத்திருப்பார்கள். அடுத்த ஆண்டு மீனாகப் போவது இந்த ஆண்டின் குஞ்சு. அதைப் பிடித்து அளந்தால்தான் வருங்காலத்தைச் சொல்ல முடியும். சில இழுப்புகளில் சில கூடைக் குஞ்சுகளை எடுப்பது, கடல் முழுவதும் குஞ்சுகள் தப்பிப்பதற்காக.

இரண்டுக்கும் குருட்டுப் பக்கம் உண்டு

எக்கோ சவுண்டரால் கடலடியை ஒட்டிய சிறு இடைவெளியைப் பார்க்க முடியாது. தரையின் பலத்த எதிரொலி அங்கிருக்கும் மீனின் எதிரொலியை விழுங்கிவிடும். கப்பலின் வயிற்றுக்கு மேலே, அலைமட்டத்தை ஒட்டித் திரியும் மீனும் அதற்குத் தெரியாது. வலைக்கோ பாறையும் பவளப்பாறையும் எதிரி. போட்டால் கிழிந்துவிடும், பவளமும் உடைந்துவிடும். வலை போக முடியாத இடத்தை ஒலி பார்க்கிறது. ஒலி பார்க்க முடியாத அடிமட்டத்தை வலை துழாவுகிறது. பகலில் இறுகிய கூட்டமாகத் திரியும் மத்தி இரவில் கலைந்து பரவும். ஆகவே எந்த நேரத்தில் அளந்தோம் என்பதும் கணக்கில் சேரும்.

லேடி கோஷன் என்ற கப்பல்

இழுவலையைக் கட்டி நம் கடலை அளக்கும் முயற்சி சுதந்திரத்துக்கு முந்தியது. 1927-28-இல் சென்னை மாகாண மீன்துறை 'லேடி கோஷன்' என்ற இழுவலைக் கப்பலை ஆய்வுக்கு விட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் திட்டின் மீன்வளத்தை இலங்கையும் 1920-களிலேயே 'லில்லா' என்ற கப்பலால் ஆராய்ந்திருந்தது. அந்த வளமான திட்டில் இலங்கையின் இழுவலைக் கப்பல்கள் பல காலம் மீன் பிடித்தன. 1976-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வாட்ஜ் திட்டு இந்தியாவின் உரிமைக்கு உட்பட்டது.

நீண்டகரையில் இறங்கிய நார்வே

1952-இல் ஐக்கிய நாடுகள், இந்தியா, நார்வே மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அடுத்த ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. இயந்திரப் படகு, ஐஸ் ஆலை, இழுவலை எல்லாம் அந்தக் கரைக்கு வந்தன. உலகச் சந்தையில் இறாலுக்கு விலை ஏறியதும் இழுவலை கேரளக் கரை முழுக்கப் பரவியது. அளக்கவும் பிடிக்கவும் உதவிய ஒரே வலை, வள்ளத்தில் போகும் மீனவருக்கும் விசைப்படகுக்காரருக்கும் இடையே நீண்ட மனத்தாங்கலையும் கொண்டுவந்தது. 1980-இல் கேரளமும் 1983-இல் தமிழ்நாடும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியதற்கு அந்த மோதலும் ஒரு காரணம்.

அயிலை, மத்தி பெயரில் இரு கப்பல்கள்

நம் கடலில் ஒலிக் கணக்கெடுப்பைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது, 1971-இல் கொச்சியை மையமாகக் கொண்டு ஐ.நா. உதவியோடு இயங்கிய மேல்மட்ட மீன்வளத் திட்டம். அதன் ஆராய்ச்சிக் கப்பல்கள் 'ராஸ்ட்ரெல்லிகர்', 'சார்டினெல்லா'. முதலாவது அயிலையின் அறிவியல் பெயரிலிருந்து வந்தது. இரண்டாவது மத்தியின் பெயரிலிருந்து. ரத்னகிரியிலிருந்து தூத்துக்குடி வரை மேற்கு, தெற்குக் கரைகளை அவை திரும்பத் திரும்ப ஓடி அளந்தன. விமானத்திலிருந்தும் கூட்டங்களைப் பார்த்துக் குறித்தார்கள். மத்தியும் அயிலையும் மட்டுமே பெரிய வளம் என்று எண்ணியிருந்தபோது, நெத்திலி எவ்வளவு பெரிய செல்வம் என்பதை எதிரொலி காட்டியது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அது தெற்கே நகர்ந்து மன்னார் வளைகுடாப் பக்கம் திரள்வதும் தெரியவந்தது.

டென்மார்க்கில் கட்டிய 'சாகர் சம்பதா'

இந்தியாவின் பெயர்பெற்ற மீன்வள, கடலியல் ஆராய்ச்சிக் கப்பல் 'சாகர் சம்பதா'. நீளம் 71.5 மீட்டர். டென்மார்க்கில் கட்டப்பட்டு 1984-இல் பணிக்கு வந்தது. கொச்சியில் உள்ள கடல்வாழ் உயிர்வள, சூழலியல் மையம் அதை இயக்கிவந்திருக்கிறது. வலை, எதிரொலிக் கருவி, நீரின் உப்பும் சூடும் அளக்கும் கருவி, ஆய்வுக்கூடம் எல்லாம் ஒரே கப்பலில்.

இன்னொரு பக்கம், 1946-இல் மும்பையில் ஆழ்கடல் மீன்பிடி நிலையமாகத் தொடங்கி இன்று இந்திய மீன்வள அளவைத் துறையாக வளர்ந்திருக்கும் அமைப்பு. 'மத்ஸ்ய வர்ஷிணி', 'மத்ஸ்ய த்ருஷ்டி' போன்ற கப்பல்கள் அதனுடையவை. சென்னை ராயபுரத்திலும் கொச்சியிலும் அதற்குத் தளங்கள் உண்டு.

எழுந்து வந்த 'கடலடி'

இரண்டாம் உலகப் போரின்போது கலிஃபோர்னியாவுக்கு அப்பால் நீர்மூழ்கி தேடிய சோனார், பல நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு தரையைக் காட்டியது. வரைபடத்தின்படி கடலடியோ அதற்கும் வெகு ஆழத்தில் இருந்தது. மாலையானால் அந்தத் 'தரை' மேலே எழும்பியது. விடிந்தால் கீழே இறங்கியது! அது தரையே அல்ல, உயிர்களின் அடுக்கு. பகலில் ஆழத்தில் ஒளிந்து, இரவில் இரை தேடி மேலே வரும் விளக்குமீன் போன்ற சிறு மீன்களும் இறால்வகைகளும் கணவாய்களும் கோடி கோடியாகச் சேர்ந்த அடுக்கு. உலகக் கடல்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. அரபிக்கடலில் மிகவும் செழிப்பு.

வலைக் கணக்குப்படி இந்த நடுஆழ மீன்கள் உலகம் முழுவதும் சுமார் 100 கோடி டன் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2010-இல் கிளம்பி உலகைச் சுற்றிய ஸ்பெயினின் மலாஸ்பினா பயணத்தில் கிடைத்த எதிரொலிகளை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு, அது அதைப்போல் பத்து மடங்கு இருக்கலாம் என்றது. வலை வருவதை உணர்ந்து மீன்கள் விலகிப் போயிருக்கின்றன. ஒலியிடமிருந்து விலக அவற்றுக்கு வழியில்லை.

கரையில் நடக்கும் மூன்றாவது எண்ணிக்கை

கப்பல் ஏறாமலே நடக்கும் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. இந்தியக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மீன் இறங்குகிறது. எல்லாப் படகையும் எண்ண முடியாது என்பதால், எந்த இடம், எந்த நாள், எத்தனையாவது படகு என்று புள்ளியியல் முறைப்படி தேர்ந்தெடுத்து, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் களப்பணியாளர்கள் விடியலிலிருந்து கரையில் நின்று குறிக்கிறார்கள். எந்த வலை, எத்தனை மணி நேரம், என்ன மீன், எவ்வளவு. அந்தக் கணக்கின்படி 2022-இல் இந்தியக் கரைகளில் இறங்கியது சுமார் 34.9 லட்சம் டன். இந்தியக் கடலிலிருந்து ஆண்டுக்கு எடுக்கத்தக்க அளவு 53.1 லட்சம் டன் என்று 2018-இல் நிபுணர் குழு மதிப்பிட்டிருக்கிறது. இடைவெளியைப் பார்த்து இன்னும் அள்ளலாம் என்று துள்ள வேண்டாம். கரையோரக் கடலில் ஏற்கெனவே அளவு நிறைந்துவிட்டது. மிச்சத்தின் பெரும்பங்கு தொலைவான ஆழத்தில் இருக்கிறது.

எண்ணிக்கை பிசகினால்: கனடா

நியூஃபவுண்ட்லாந்து கடலில் நூற்றாண்டுகளாகக் காட் மீன் பிடித்தார்கள். 1980-களில் விஞ்ஞானிகளின் கணக்கு, பெரிய இழுவலைக் கப்பல்களின் அறுவடையை அதிகம் நம்பியது. அந்தக் கப்பல்கள் மிஞ்சிய கூட்டங்களைத் தேடிப்பிடித்து அள்ளியதால், மீன் குறைந்த பிறகும் பாடு குறையவில்லை. கணக்கில் காட் நிறைய இருந்தது. மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று கரையோரச் சிறு மீனவர்கள் சொன்னது எடுபடவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. 30,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அந்தத் தடை முப்பது ஆண்டுகளைத் தாண்டி நீண்டது. கருவியின் கணக்கையும் மீனவரின் கண்ணையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டாம்.

எண்ணிக்கையைக் கேட்டால்: பெரு

உலகிலேயே மிகப் பெரிய மீன்பாடுகளில் ஒன்று பெரு நாட்டு நெத்திலி. ஒவ்வொரு பருவத்துக்கும் முன் எதிரொலிக் கப்பல்கள் கடலை அளந்த பிறகே இவ்வளவு பிடிக்கலாம் என்று அளவு அறிவிக்கிறார்கள். 2023-இல் எல் நினோவால் கடல் சூடானது. கணக்கெடுப்பில் குஞ்சுகளே மிகுந்திருந்தன. வடக்கு, நடுப் பகுதியின் முதல் பருவத்தையே அரசு ரத்து செய்தது. நட்டம் பெரிது. ஆனால் அடுத்த தலைமுறை மீன் தப்பியது.

இலங்கைக் கடலில் 'நான்சன்'

சொந்தமாகக் கப்பல் இல்லாத நாடுகளுக்காக ஐ.நா. கொடியோடு ஓடும் நார்வேக் கப்பல் 'டாக்டர் ஃபிரிட்யோஃப் நான்சன்'. இதே பெயரில் மூன்று கப்பல்கள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. 1978-80-இல் முதல் கப்பல் இலங்கையைச் சுற்றி அளந்தது; 2018-இல் மூன்றாவது கப்பல் மீண்டும் அளந்தது. நாற்பது ஆண்டு மாற்றத்தை ஒப்பிட அந்தப் பழைய ஏடுகளே இன்று துணை.

அணைக்கட்டிலும் அதே ஒலி

கடலுக்கு மட்டும் உரியதல்ல இந்தக் கருவி. அணைகளின் அடியில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்பதையும் படகில் எக்கோ சவுண்டரை வைத்தே அளக்கிறார்கள். கேரளத்தில் பீச்சியில் உள்ள பொறியியல் ஆராய்ச்சி நிலையம் இதைச் செய்கிறது.

கடலுக்கு விடுப்பு

கேரளத்தில் பருவமழைக்கால இழுவலைத் தடை முதன்முதலில் 1988-இல் வந்தது. இப்போது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் மலைக்கு வரும் மீன் குறைவதும் விலை ஏறுவதும் நமக்குத் தெரியும். கரையில் மீன்பிடி வருமானமும் இல்லாமல் அடுப்பு எரிய வேண்டிய வீடுகள் எத்தனை என்பதையும் நினைக்க வேண்டும். ஆனாலும் மத்தி உட்படப் பல மீன்கள் முட்டையிடும் காலம் அது.

10 சென்டிமீட்டர், 14 சென்டிமீட்டர்

இத்தனை கப்பலும் கருவியும் கண்டுபிடித்ததில் நம் கைக்கு எட்டுவது இரண்டு எண்கள். கேரளத்தில் சட்டப்படி பிடிக்கத்தக்க மத்தியின் குறைந்த நீளம் 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. இந்தியாவிலேயே முதலில் இப்படி அளவு வகுத்த மாநிலம் கேரளம். முட்டையிடும் வயதை எட்டுமுன் மீன் வலையில் விழக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். அளவுப் பலகையில் ஒவ்வொன்றாக வைத்து எழுதிய நீளங்களிலிருந்து வந்த எண்கள் இவை. கடலில் இதைக் காவல் காக்க அதிகாரிகள் மட்டும் போதாது. வாங்கும் கை மறுத்தால், விற்கும் கை கேட்காது. பிடிக்கும் வலையும் அள்ளாது. மீன் வண்டியில் விரல் நீளமே உள்ள பொடி மத்தி குவிந்திருந்தால், "இது வேண்டாம் அண்ணே, பெருசு வந்தா சொல்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சின்னக்கானலில் சொல்லும் அந்த ஒரு வார்த்தை, கொச்சித் துறைமுகத்து ஏலத்தில் விலையாகப் போய்ச் சேரும்.